அயலார் சொல்லும் நம் அடுப்பும்

புதிதாக வாங்கிய சமையல் நூலை மேடைமேல் விரித்து வைத்து, அதில் சொன்ன அளவைச் சொன்ன வரிசையில் சேர்த்து ஒரு குழம்பை இறக்குகிறவர், அந்த வேலையை அறிந்து செய்தாரா, ஏவியபடி செய்தாரா? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பிறர் சொல்லைக் கேட்டு நடப்பது அறிவில் சேருமா சேராதா என்று இந்தியாவிலும் கிரேக்கத்திலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு இதற்குள்தான் இருக்கிறது. நம் வீடுகளில் அந்த வழக்குக்குத் தீர்ப்பு எப்போதோ சொல்லியாயிற்று. 'புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறவள்' என்று யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. கைப்பக்குவம் உள்ளவர் கண்ணளவில் போடுவார், இல்லாதவர் கரண்டியால் அளப்பார் என்பது ஊர்க் கருத்து. இந்தத் தீர்ப்பு தவறு என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவருடைய நூலை நம்பி, முதல் முறை அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவதும் ஓர் அறிதல் முறைதான். அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் பற்றி ஆழமாக யோசித்தவர்கள் அடுப்படியில் நின்றவர்கள் அல்ல, சொல் எப்போது அறிவாகும் என்று வாதிட்ட நியாய நூலாரும் வேள்வி வாக்கியங்களைப் பிரித்துப் பொருள் கண்ட மீமாம்சகர்களும்தான் என்பது ஒரு வேடிக்கை.

சமையலை அறிவின் வாசலிலேயே நிறுத்தியவர்களில் மூத்தவர் பிளேட்டோ. 'கோர்கியாஸ்' உரையாடலில் சாக்ரடீஸ், போலஸ் என்ற இளைஞனிடம், சமையல் ஒரு கலையே அல்ல, வெறும் பழக்கம் என்கிறார். மருத்துவம் உடலுக்கு எது நல்லது என்று ஆராய்ந்து காரணம் சொல்லும். சமையலுக்கு நாக்கை மகிழ்விக்கத் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. ஆகவே அது மருத்துவத்தின் வேடத்தைப் போட்டுக்கொண்ட முகத்துதி. மருத்துவரும் சமையற்காரரும் குழந்தைகள் முன் போட்டியிட்டால் மருத்துவர் பட்டினிதான் கிடக்க வேண்டும் என்றும் சொல்கிறார். வாதம் வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே உரையாடலின் பிற்பகுதியில், சிசிலிச் சமையல் பற்றி நூல் எழுதிய மித்தைக்கோஸ் என்பவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார் அதே சாக்ரடீஸ். ஆக, ஏதென்ஸில் சமையல் நூல் இருந்தது, பிளேட்டோவுக்கு அது தெரிந்தும் இருந்தது. மித்தைக்கோஸின் குறிப்பு ஒன்று பிற்காலத்து அதீனயோஸின் நூல் வழியாக இன்றைக்கும் கிடைக்கிறது. நாடா போல் நீண்ட ஒரு மீனைக் குடல் நீக்கி, தலை வெட்டி, கழுவி, துண்டு போட்டு, மேலே சீஸும் எண்ணெயும் சேர்க்கச் சொல்வது. இதில் காரணம் எதுவும் இல்லையே என்று பிளேட்டோவின் பக்கத்தார் கேட்கலாம். இல்லைதான். ஆனால் ஒருவர் தன் கை செய்கிற வேலையைத் தன் கையிலிருந்து பிரித்து, தான் பார்க்கவே போகாத ஒருவர் செய்து முடிக்கும்படி வரிசைப்படுத்திவிட்டால், அது பாதி தூரம் கணக்குச் சொல்லியதாகும். மீதிப் பாதியை இன்றைய நூல்கள் சொல்கின்றன. சமீன் நொஸ்ரத்தின் 'சால்ட், ஃபேட், ஆசிட், ஹீட்' (2017) முதல் பாதியில் உப்பும் கொழுப்பும் புளிப்பும் சூடும் என்ன செய்கின்றன என்று விளக்கிவிட்டு அதற்குப் பிறகுதான் செய்முறைகளுக்கு வருகிறது. கிரிஷ் அசோக்கின் 'மசாலா லேப்' (2020) நம் தாளிப்புக்கும் பருப்புக்கும் அதே வேலையைச் செய்கிறது. 'சமையலுக்குக் காரணம் தெரியாது' என்ற குற்றச்சாட்டைச் சமையல்மீது இனியும் சுமத்த முடியாது.

நம் பக்கம் நூலுக்கும் அடுப்புக்கும் இவ்வளவு பகை இருந்ததில்லை. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் பாணருக்குப் படைக்கும் விருந்தைப் புகழ வந்த நல்லூர் நத்தத்தனார், அது வீமன் இயற்றிய மடைநூலின் நெறி தவறாமல் சமைத்தது என்பதையே அதன் பெருமையாகச் சொல்கிறார். மணிமேகலை, நாடக மகளிர் கற்க வேண்டிய கலைகளின் பட்டியலில் மடைநூலையும் வைக்கிறது. அரண்மனைச் சமையலும் கணிகையர் கல்வியும் வீட்டுச் சமையல் ஆகாது என்பது உண்மையே. ஆனாலும் நூலைப் பார்த்துச் சமைப்பது இழிவு என்ற எண்ணம் தொன்றுதொட்டு வந்தது என்று யாரும் சாதிக்க முடியாது. அநேகமாக அது, மாமியாரிடமிருந்து மருமகளுக்குச் செய்முறையும் அதிகாரமும் ஒரே கையால் மாறிய காலத்தில் வந்த எண்ணமாக இருக்க வேண்டும். நூல் வந்தால் அந்த அதிகாரம் குறையுமே.

இருபதாம் நூற்றாண்டில் இந்த எதிர்ப்பைத் தத்துவமாகவே எழுதியவர் மைக்கேல் ஓக்ஷாட். 1951இல் ஆற்றிய உரையொன்றில், அரசியலைக் கொள்கை நூல்களைக் கொண்டு நடத்தலாம் என்பவர்களை மறுக்க, சமையல் நூலை உதாரணமாக எடுத்தார். சமையல் நூல் சமையலுக்குத் தாய் அல்ல, பிள்ளை. ஏற்கெனவே சமைக்கத் தெரிந்த ஒருவருடைய அறிவின் சுருக்கம் அது. சமைக்கவே தெரியாதவர் கையில் அது வேலைக்கு ஆகாது. அதே காலத்தில் கில்பர்ட் ரைல், ஒன்றைச் செய்யத் தெரிவது வேறு, ஒன்று இன்னது என்று தெரிவது வேறு என்று பிரித்துக் காட்டினார். மனத்துக்குள் செய்முறையை ஒப்பித்துவிட்டுத்தான் சமையற்காரர் கரண்டியைத் தொடுகிறார் என்றால், ஒப்பிப்பதையும் சரியாகச் செய்ய அதற்கு முன் இன்னொன்றை ஒப்பிக்க வேண்டியிருக்கும், அது முடிவில்லாமல் போகும் என்பது அவர் வாதம். பின்னர் மைக்கேல் போலானி, நாம் சொல்ல முடிவதைவிட அதிகமாக அறிந்திருக்கிறோம் என்று இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். மூவரும் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இதிலிருந்து நூல் வீண் என்ற முடிவு வருமா? வராது. வீட்டில் புதிய சமையல் நூல் வாங்குகிறவர் அனேகமாகச் சமைக்கத் தெரிந்தவர். அவருக்குக் கை இருக்கிறது, இன்னொருவருடைய கை பழகிய வழி மட்டும் இல்லை. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' நூலின் முதல் பாகத்தை வெளியிட்டபோது அவர் மனத்தில் இருந்தவர்களும் அப்படிப்பட்டவர்களே. செய்முறை கேட்டு உறவினர்கள் அணுகியபடியே இருக்க, அவர் மாமா கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் அதை நூலாகவே எழுதச் சொன்னார் என்பது அந்நூலின் வரலாறு. பாட்டியும் அத்தையும் பக்கத்தில் இல்லாத ஊருக்குக் குடிபோனவர்களுக்கு அது கையைக் கொடுக்கவில்லை, கைக்கு ஒரு வழியைக் கொடுத்தது.

சொல்ல முடியாத அறிவை எழுத முடியாது என்பதில் மறைந்திருக்கிற இன்னொரு பிழை இதைவிட முக்கியமானது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது எந்த நொடியில் இறக்க வேண்டும் என்பதை எழுத முடியாது. வெல்லம் மாறும், நெருப்பு மாறும், பாத்திரத்தின் கனம் மாறும். ஆனால் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் மெத்தென்று உருள வேண்டும் என்பதை எழுதலாம். கை அறிந்ததை நூல் எழுதுவதில்லை. கை சரியாகத்தான் அறிந்திருக்கிறதா என்று கை தன்னையே சோதித்துக்கொள்ளும் வழியை எழுதுகிறது. கம்பிப் பதம், உருட்டுப் பதம், எண்ணெய் பிரிந்து வருவது, பச்சை வாசனை போவது ஆகிய எல்லாமே அத்தகைய சோதனைகள். போலானியின் மறைந்த அறிவுக்கும் அச்சிட்ட பக்கத்துக்கும் இடையில் இப்படி ஒரு பாலம் இருப்பதை ஓக்ஷாட் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் நூலை விதிகளின் தொகுப்பாகப் பார்த்தார். நல்ல சமையல் நூல் பெரும்பாலும் சோதனைகளின் தொகுப்பு. கடையில் ஒரு புதிய நூலைப் புரட்டும்போது நான் சொல்லக்கூடிய முதல் அளவுகோலும் இதுதான்: நிமிடங்களை மட்டும் சொல்கிறதா, அந்த நிமிடங்களின் முடிவில் எதைப் பார்க்க வேண்டும், எதை முகர வேண்டும் என்றும் சொல்கிறதா?

நூலை நம்புவது என்றால் என்ன என்ற கேள்விக்கு இப்போது வரலாம். சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, கொள்கிறது. நியாய தரிசனத்திலும் உரை தனி அளவைதான். நம்பத்தக்கவரின் சொல் அறிவைத் தரும் என்கிறது நியாய சூத்திரம். யார் நம்பத்தக்கவர், அதாவது ஆப்தர், என்பதற்கு உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் (காமசூத்திரத்தின் ஆசிரியர் அல்லர், வேறொருவர்) சொல்லும் அடையாளம் இரண்டு. பொருளை நேரடியாக அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் வேண்டும். இவை உள்ளவர் ரிஷியாகவும் இருக்கலாம், ஆரியராகவும் இருக்கலாம், மிலேச்சராகவும் இருக்கலாம் என்று அவரே சேர்க்கிறார். பிறப்பை வைத்து எவ்வளவோ முடிவு செய்த ஒரு சமூகத்தில், அறிவின் வாசலில் மட்டுமாவது பிறப்பைக் கேட்கக் கூடாது என்று ஒரு தர்க்க நூல் எழுதிவைத்திருப்பது சிறிய விஷயம் அல்ல. இந்த இரண்டு அடையாளங்களையும் சமையல் நூல்கள்மேல் வைத்துப் பார்த்தால், எத்தனையோ அழகான நூல்கள் முதல் பக்கத்திலேயே தோற்றுவிடும். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் செம்பழுப்பாகிவிடும் என்று எழுதுகிறவரை எடுத்துக்கொள்வோம். மெல்லிய தீயில் அது நன்றாகச் சிவந்து இனிக்க அரை மணிக்கும் மேலாகும் என்பது ஒரு முறை சமைத்தவருக்குக் கூடத் தெரியும். அப்படி எழுதுகிறவர் ஒன்று சமைத்துப் பார்க்கவில்லை, இல்லையேல் சமைத்ததைச் சொன்னால் வாங்குகிறவர் பயந்துவிடுவார் என்று மறைக்கிறார். முதலாவதில் அறிவு இல்லை, இரண்டாவதில் சொல்லும் விருப்பம் இல்லை.

பௌத்தர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். மணிமேகலையில் அறவணர் சொல்லும் அளவைகள் காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே. உரை தனி அளவை அல்ல, கருத்தளவையில் அடங்கும். அவர்கள் தரப்பில் நின்று சொன்னால், ஒரு நூலை நான் நம்புவது அதன் ஆசிரியர் முன்பு சொன்னவை சரியாக வந்தன என்பதால், ஆகவே அது ஓர் அனுமானம். பழகிய நூலுக்கு இது பொருந்தும். புதிய நூலுக்குப் பொருந்தாது, அதற்கு 'முன்பு' என்பது இல்லையே. ஆசிரியரின் பேர், பதிப்பகம், படங்களின் தெளிவு ஆகியவற்றிலிருந்து ஊகிக்கலாம் என்றால், அந்த ஊகம் எவ்வளவு பலவீனமானது என்பது கத்தரிக்காய் விலை தெரிந்த எவருக்கும் தெரியும். முதல் நம்பிக்கை ஊகத்திலிருந்து வருவதில்லை. சந்தேகிக்கக் காரணம் வரும்வரை சொன்னதை ஏற்பது என்ற நிலையிலிருந்தே அது வருகிறது. அதைக் குருட்டு நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் அடுத்த ஒரு மணி நேரத்திலேயே அதற்குச் சோதனை காத்திருக்கிறது. நியாய நூலார் சொல்லை இங்கேயே காணக்கூடிய பயன் உள்ளது, காண முடியாத பயன் உள்ளது என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஆயுர்வேதம் போன்ற காணக்கூடிய பயன் உள்ள சொல் மெய்யாவதைப் பார்த்து மற்றதையும் நம்பலாம் என்று வேதத்துக்காக வாதிட்டார்கள். அந்தத் தாவலைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. ஆனால் ரசம் நன்றாக வந்த நூலின் அவியலை நம்பலாம் என்பதில் ஐயமில்லை.

இந்த இடத்தில்தான் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவதன் அவசியம் வருகிறது. ஒரு நூலின் செய்முறையில் சீரகத்தைக் குறைத்து, பூண்டைக் கூட்டி, தேங்காய்ப் பாலுக்குப் பதில் தண்ணீர் விட்டு, 'சுமார்தான்' என்று தீர்ப்புச் சொல்கிறவர் அந்த நூலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நன்றாக வந்திருந்தாலும் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. முதல் முறை அப்படியே செய்தவருக்குத்தான் நூல் தவறு என்று சொல்லும் உரிமை கிடைக்கிறது. பணிந்து நடப்பதும் விமர்சிப்பதும் எதிரெதிர் என்று பொதுவாக நினைக்கிறோம். அடுப்படியில் முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை. 'எனக்குத் தெரியாததா' என்று முதல் நாளே மாற்றுகிற கைப்பக்குவம், தான் ஏற்கெனவே அறிந்த சுவைக்கே திரும்பிப் போகிறது. அதற்கு நூலே வேண்டியதில்லை.

மீமாம்சையில் சமையல் உதாரணங்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேள்வியில் இடும் புரோடாசம் அரிசி மாவாலோ வாற்கோதுமை மாவாலோ ஓடுகளின் மேல் சுட்ட அடைதான். அக்கினிக்கு எட்டு ஓடு. நெல்லை உரலில் குத்த வேண்டும் என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மீமாம்சகர்கள் கேட்கிறார்கள்: உமியை நகத்தாலும் உரிக்கலாமே, பிறகு ஏன் இந்தக் கட்டளை? பல வழி இருக்கும்போது ஒரு வழியை மட்டும் கட்டாயமாக்குவது ஒரு தனி வகை விதி என்பது அவர்கள் பதில். அதற்கு நியம விதி என்று பெயரும் வைத்தார்கள். மிளகை அம்மியில் தட்டிப் போடச் சொல்கிற செய்முறை அதே வகையைச் சேர்ந்தது. மிக்ஸியில் அரைத்தாலும் மிளகு பொடியாகும், ஆனால் சொன்னது அது இல்லை. வாக்கியங்களைக் கட்டளை என்றும் புகழ்ச்சி என்றும் அவர்கள் பிரித்ததும் இங்கே உதவும். புகழ்ச்சி வாக்கியத்தைத் தனியே எடுத்தால் அதற்குப் பயனில்லை, கட்டளையோடு சேரும்போது செய்யத் தூண்டுவதால் அதற்குப் பொருள் உண்டு என்றார்கள். இன்றைய சமையல் நூல்களில் ஒவ்வொரு செய்முறைக்கும் முன்னால் ஆசிரியரின் பாட்டி, கடற்கரை, முதல் மழை என்று ஒரு பக்கம் ஓடுவதைப் பலர் கேலி செய்கிறார்கள். சில கேலிக்கு உரியவைதான். ஆனால் இந்தக் குழம்பு மறுநாள்தான் ருசிக்கும், எங்கள் வீட்டில் இதைத் துக்கத்தின் பத்தாம் நாளில்தான் செய்வோம் என்கிற வரி, செய்வதா வேண்டாமா, எப்போது செய்வது என்பதை மாற்றிவிடும். கட்டளையோடு ஒட்டுகிற கதை வேண்டும், ஒட்டாத கதையைத் தாண்டிப் போகலாம்.

பொருள் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதற்கும் மீமாம்சையில் ஒரு முழு விவாதம் உண்டு. நெல் கிடைக்காவிட்டால் நீவாரம் என்ற காட்டு நெல்லைச் சேர்க்கலாம். மிகவும் ஒத்த பொருளைத்தான் மாற்றாக எடுக்க வேண்டும், கைக்கு எட்டியதை அல்ல. ஃபுக்‌ஷியா டன்லப்பின் 'த ஃபுட் ஆஃப் சிச்சுவான்' (2019) நூலைச் சென்னையில் வைத்துச் சமைக்கிறவர், அதில் வரும் சிச்சுவான் மிளகுக்குப் பதிலாக நம் கருமிளகைப் போடுவார். இரண்டுக்கும் மிளகு என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அங்கே வேண்டியது காரம் அல்ல, நாக்கை மரத்துப்போகச் செய்கிற அதிர்வும் எலுமிச்சைத் தோல் போன்ற வாசனையும். கொங்கணக் கடற்கரையில் மீன் குழம்புக்குப் போடும் தெப்பல் அதே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தது, அதே மரமரப்பு உடையது. நெல்லுக்கு நீவாரம் எப்படியோ சிச்சுவான் மிளகுக்குத் தெப்பல் அப்படி. ஒப்புமையை எதில் தேடுவது என்று முடிவு செய்யும் அந்த இடத்தில், நூலைப் பின்பற்றுகிறவர் நூல் எழுதியவருக்குச் சமமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏவலுக்குச் செய்கிறவர் என்ற பழிக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மாற்று உண்டா? இல்லை என்கிறார்கள் மீமாம்சகர்கள். தெய்வத்துக்கும் மந்திரத்துக்கும் மாற்று இல்லை, பொதுவாக வேள்வியின் பயனுக்கு உரிய எசமானனுக்கும் மாற்று இல்லை. ஜப்பானிய ஜென் ஆசிரியர் டோகன் 1237இல் மடத்துச் சமையற்காரருக்காக எழுதிய கையேட்டில் இதே இடத்துக்கு வேறொரு பாதையில் வருகிறார். சீனாவில் ஒரு மடத்தில் கடும் வெயிலில் ஒரு முதிய சமையல் துறவி குனிந்து காளான் உலர்த்துவதைப் பார்த்து, இதை ஏவலாளர் யாரிடமாவது விடக் கூடாதா என்று டோகன் கேட்கிறார். பிறர் நான் ஆக மாட்டார்களே என்ற பொருள்பட முதியவர் பதில் சொல்கிறார். டோகனின் கையேடு எவ்வளவு நுணுக்கமாக அரிசி களைவது, மறுநாளைக்கான பொருளை எப்போது எடுத்துவைப்பது என்றெல்லாம் சொல்லும் நூல். ஆனால் எந்த நுணுக்கமும் செய்கிறவரை விடுவிக்கவில்லை. விதி அதிகமாக அதிகமாகக் கவனமும் அதிகமாகத் தேவைப்படுகிறது. புத்தகம் பார்த்துச் சமைப்பவர் எந்திரம் போல் வேலை செய்கிறார் என்று நினைக்கிறவர்கள், புதிய செய்முறையை முதல் முறை செய்பவரின் முகத்தைப் பார்த்ததில்லை போலும்.

துறவின் பக்கத்திலிருந்து ஒரு எதிர்ப்பு வரும். நாக்குக்குப் புதிது புதிதாகத் தேடுவதே ஆசையின் வளர்ச்சி அல்லவா? காந்தி தம் ஆசிரம விரதங்களில் அஸ்வாதம் என்று சுவையின்மேல் பற்றில்லாமையையும் சேர்த்திருந்தார். சமணமும் பௌத்தமும் நாவடக்கத்தில் அவரைவிடக் கடுமையானவை. இந்த எதிர்ப்பில் பாதி நியாயம் என்று ஒப்புக்கொள்கிறேன். அலமாரியில் இருபது நூல்களை அடுக்கிவைத்து, படம் பார்த்து மகிழ்ந்து, ஒன்றிலிருந்தும் சமைக்காதவரிடம் இருப்பது ஆசையே. ஆனால் ஒரே நூலை எடுத்து அதன் ஒழுங்குக்குத் தன் நாக்கை உட்படுத்துகிறவர் செய்வது கிட்டத்தட்ட எதிரானது. அவர் தன் பழகிய விருப்பத்தை ஒதுக்கிவைத்து, வேறொருவர் நல்லது என்று சொன்னதைச் சுவைத்துப் பார்க்கிறார். கசப்பாகவோ புளிப்பாகவோ மிகையாகவோ தோன்றினாலும் முதல் முறை அதை மாற்றாமல் வைக்கிறார். தன் விருப்பத்தை இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருப்பதை நாவடக்கம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. அர்ஜுன் அப்பாதுரை 1988இல் இந்தியச் சமையல் நூல்கள் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். இந்து தர்ம நூல்களில் உணவு பற்றிப் பேச்சு ஏராளம். யார் கையால் யார் உண்ணலாம், எது தூய்மை, எது தீட்டு என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எப்படிச் சமைப்பது என்று மட்டும் அநேகமாக எதுவும் இல்லை. அரசவை நூல்களில் செய்முறை கிடைக்கும். சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரனின் பன்னிரண்டாம் நூற்றாண்டு 'மானசோல்லாசம்' ஓர் உதாரணம். தர்மத்தின் கவனம் கையில் இருந்தது, செய்முறையில் அல்ல. அச்சிட்ட சமையல் நூல் செய்த பெரிய காரியம், செய்முறையைக் கையிலிருந்து பிரித்ததுதான். தம் வீட்டுக்குள் விடாதவர்களின் குழம்பை இனி ஒருவர் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். இது விடுதலையா, சுலபமான திருட்டா? சாகு படோலே மராத்தியில் 2015இல் எழுதிய 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' நூல், மராத்வாடாவின் மகர், மாங் சமூகங்களின் உணவைச் செய்முறைகளோடு பதிவு செய்தது. 2024இல் ஆங்கிலத்திலும் வந்தது. அன்னம் முழுமையான பிரம்மம் என்ற வழக்கைத் தலைப்பிலேயே குறையாக்கிக் காட்டியிருக்கிறார். இந்த நூலை ஒரு மேல்சாதி வீட்டில் திறந்து வைத்துச் சமைத்து, அதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, அந்தச் சமூகத்தாரோடு ஒரே பந்தியில் உட்காராமல் இருப்பவர் எதை அறிந்தார் என்று கேட்பவர்களின் கேள்வி சரியானது.

என் பதில் வாத்ஸ்யாயனர் பக்கமும் இருக்கிறது, மீமாம்சகர் பக்கமும் இருக்கிறது. படோலே பொருளை நேரடியாக அறிந்தவர், அறிந்தபடி சொல்ல விரும்பியவர். அவரை அறிவுக்கு ஆதாரமாக ஏற்று அவர் சொன்னபடி செய்வது, 'அவர்கள் உணவு' என்று எட்ட நின்று பேசுவதைவிட மேலானது. எண்ணெய் மிகக் குறைவாக இருப்பதும், உறுப்பு இறைச்சியும் இரத்தமும் வீணாகாமல் பயன்படுவதும் ஏன் என்று கைக்கு விளங்கிவிட்டால், வறுமையும் சாதியும் ஒரு சமையலை எப்படி வடிவமைத்தன என்பது வேறு எந்த வழியிலும் அவ்வளவு நெருக்கமாக விளங்காது. ஆனால் செய்முறை ஆளுக்கு மாற்று ஆகாது. சொல்லியவரை வாசலில் நிறுத்திவிட்டுச் சொல்லை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்கிறவர், ஆப்தர் என்று ஒருவரை ஏற்றுவிட்டு அவர் ஆப்தர் என்பதையே மறுக்கிறார். அது ஒழுக்கக் குறை மட்டும் அல்ல, தர்க்கப் பிழையும்கூட.

பொருள் மாற்றுக்கு மீமாம்சகர் வைத்த இன்னொரு நிபந்தனையை இங்கே சொல்லாமல் விட முடியாது. விலக்கப்பட்ட பொருள், எவ்வளவு ஒத்ததாக இருந்தாலும், மாற்றாகாது. உளுந்தும் வரகும் வேள்விக்கு ஆகாதவை என்ற வாக்கியத்தை வைத்து அவர்கள் இதை நிறுவினார்கள். ஏழைகளின் தானியமும் பருப்பும் அந்த விலக்கில் விழுந்ததைப் பற்றி அவர்கள் கேள்வி எழுப்பவில்லை. படோலேயின் நூல் வந்த அதே 2015இல் மகாராஷ்டிராவில் காளை வெட்டுவதற்கும் தடை வந்தது. எருமை இறைச்சிக்குத் தடையில்லை, ஆகவே அந்த நூலைச் சமைக்கிறவர் ஒத்த பொருளாக அதை எடுக்கலாம், செய்முறையும் பெரும்பாலும் கெடாது. ஆனால் புனேயிலோ சென்னையிலோ வாடகைக்கு விடும்போதே அசைவம் சமைக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிற வீட்டில் குடியிருப்பவருக்கு அந்த நூலின் பல பக்கங்கள் திறக்காமலே இருக்கும். அவர் எந்தப் பொருளை எதற்கு மாற்றாக எடுப்பது என்று யோசிப்பதற்கு முன், விலக்கை எழுதியவர் யார், அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கும். மீமாம்சகர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.